எழுதாமல் விட்ட அடிகள்

மலைமேல் ஒரு கோல்ஃப் கிளப். எஸ்டேட் முதலாளி தேவசகாயத்தின் பந்து புதரில் விழுந்தால், அவருக்கு மட்டை சுமக்கும் பெள்ளன் அதைக் காலால் புல்வெளிக்கு நகர்த்த வேண்டும். ஏழு அடித்தால் சீட்டில் ஐந்து என்று எழுத வேண்டும்; குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தானே வெற்றி. முதலாளி உத்தரவு.

பழைய சீட்டுகளைப் பார்த்து, ஆட்டம் சுமாரானவருக்கு அதிக அடிகளைக் கழித்துத் தருவதுதான் ஹேண்டிகேப். கோப்பைப் போட்டியில் தபால் அதிகாரிக்கு இருபது கழித்தார்கள். முதலாளிக்கு நான்கு. நடுவர் கூடவே நடந்ததால் முதலாளி படுதோல்வி.

“எனக்கும் இருபது தந்திருக்கணும். என் ஆட்டம் இவனுக்குத் தெரியும். சொல்லுடா,” என்றார், தானும் உறுப்பினராக இருந்த கிளப் கமிட்டி முன்னால்.

“சொல்றேனுங்க. நான் நகர்த்தின பந்து, எழுதாம விட்ட அடி எல்லாம் சேர்ந்தாத்தான் இருபது வரும். எதுலருந்து ஆரம்பிக்கட்டுங்க?”

கமிட்டி விழுந்து விழுந்து சிரித்தது.

அதே கமிட்டி மறுநாள் பெள்ளனை வேலையை விட்டு நீக்கியது, பந்தைக் காலால் நகர்த்திய குற்றத்துக்காக. உத்தரவில் முதல் கையெழுத்து முதலாளியுடையது.