மரங்கொத்தி வைத்த தச்சுப் பட்டறை

காட்டோடைக் கரையில் பட்டுப்போன வேங்கை மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் செங்கொண்டை என்ற மரங்கொத்தியும் அவன் மனைவி வரிச்சிறகியும் குடியிருந்தார்கள். பொந்தின் வாசல் மிகச் சின்னது. சிறகை ஒடுக்கிக்கொண்டு ஒரு மரங்கொத்தி நுழையலாம், அவ்வளவுதான். உள்ளே அவர்களுடைய முட்டைகள் பத்திரமாக இருந்தன.

ஒருநாள் செங்கொண்டை பொழுதுபோகாமல் ஒரு விறகுத் துண்டைக் கொத்தி முக்காலி செய்தான். மஞ்சமூக்கி என்ற மைனா அதைப் பார்த்துவிட்டது.

"அடேயப்பா! என்ன வேலைப்பாடு! இந்தக் கைவேலையை வச்சுக்கிட்டு எறும்பு பொறுக்கிட்டுத் திரியறியே அண்ணே! வீட்டிலேயே ஒரு தச்சுப் பட்டறை போடு!"

"வீட்டில் இடம் ஏது?"

"பொந்தைக் குடைஞ்சு பெருசாக்கு! வாசலையும் அகலமாக்கு! நாலு பேர் வந்து போக வேண்டாமா?"

வரிச்சிறகி குறுக்கிட்டாள். "உள்ளே என்ன வேணும்னாலும் செய்யுங்க. வாசலில் மட்டும் கை வைக்காதீங்க! அது சின்னதா இருக்கறதாலதான் நம்ம குஞ்சுகள் பிழைக்குதுங்க."

"பலகையை எந்த வழியா உள்ளே கொண்டு வர்றதாம்?" என்றான் செங்கொண்டை. "நான் வீட்டோட இருந்தா முட்டைக்கும் காவல்தானே!"

அவள் திரும்பிப் போய் முட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பட்டறை எழுந்தது. துளை போட முள்ளம்பன்றியின் முட்கள், மெருகு தேய்க்கச் சொரசொரப்பான பிராய் இலைகள், உளிக்கு அவனுடைய அலகு. வாசல் மூன்று பங்கு அகன்றது. முன்பெல்லாம் பொந்து குடைந்தால் இருவருமாகச் செதில்களைக் கவ்விப்போய்த் தொலைவில் கொட்டிவிட்டு வருவார்கள். வீடு இருக்கும் இடம் யாருக்கும் தெரியக்கூடாது அல்லவா? இப்போது செங்கொண்டைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மரத்தூள் அடிமரத்தில் மேடாகக் குவிந்தது.

அணில் தொட்டில் கேட்டது. காகம் படுக்கைப் பலகை கேட்டது. "காட்டிலேயே உன்னைப்போல் தச்சன் இல்லை!" என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். முட்டைகள் நடுவிலிருந்து மூலைக்குப் போயின.

"முட்டை மேல தூசி விழுதுங்க!"

"தூசிதானே! தட்டிவிடு!"

ஒரு காலையில் வரிச்சிறகி பசியால் தள்ளாடியபடி எழுந்தாள். "எனக்கு உடம்பு நடுங்குது. கொஞ்சம் எறும்பு தின்னுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் முட்டையை விட்டு நகராதீங்க."

"போயிட்டு வா! நான் எங்கே போகப்போறேன்?"

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஓடையின் அக்கரையிலிருந்து மயில் அகவியது. "தச்சரே! எனக்கு ஓர் ஆசனம் வேண்டும்! வந்து அளவு எடுத்துக்கொள்ளும்!"

தச்சரே! அந்த மரியாதையில் செங்கொண்டைக்குத் தலைகால் புரியவில்லை. முட்டைகள் மேல் கொஞ்சம் மரச்சீவலை இழுத்து மூடினான். பறந்துவிட்டான். அளவு எடுக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. புகழ்ச்சியைக் கேட்கத்தான் நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது வாசலில் ஒரு தடித்த வால் தொங்கிக்கொண்டிருந்தது. உடும்பு!

"ஐயோ! வெளியே வா!" செங்கொண்டை அலறிக்கொண்டு அந்த வாலைக் கொத்தினான். பலகையைப் பிளந்த அலகு உடும்புத் தோலில் ஏறவில்லை.

உடும்பு வாயை நக்கிக்கொண்டு நிதானமாகத் திரும்பியது. "எதுக்குக் கொத்தறே? கீழே தூளைக் குவிச்சு வீட்டைக் காட்டிக்கொடுத்தவன் நீ. வாசலைத் திறந்து வச்சவனும் நீ. நான் வெறுமனே ஏறி வந்தேன், அவ்வளவுதான்!"

அது சாவகாசமாக இறங்கிப் போயிற்று. உள்ளே உடைந்த ஓடுகள்தான் கிடந்தன.

வரிச்சிறகி வந்தாள். அவனுக்கென்று அலகில் எறும்பு கொண்டுவந்திருந்தாள். மூலையைப் பார்த்தாள். எறும்புகள் கீழே சிதறின.

"நகராதீங்கன்னு ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்!"

அவள் ஓடையைத் தாண்டிப் பறந்தாள். அவனும் சிறகை விரித்தான்.

"பின்னாலே வராதீங்க" என்று அவள் குரல் மட்டும் வந்தது.

எதிர்க்கிளையில் மஞ்சமூக்கி கூட்டம் கூட்டிப் பேசிக்கொண்டிருந்தது. "வீட்டுக்குள்ளே பட்டறை ஆகாதுன்னு நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! கேட்டானா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அணில் தொட்டிலை உருட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் போட்டது. "முட்டையைக் காக்கத் தெரியாதவன் செஞ்ச தொட்டிலில் என் பிள்ளையைப் போடமாட்டேன்!"

அதன்பின் அந்தப் பட்டறைக்கு யாரும் வரவில்லை. செங்கொண்டை அகன்ற வாசலில் உட்கார்ந்திருந்தான். மழை நேராக உள்ளே அடித்தது.

ஊரார் புகழ்ச்சிக்காகத் தன் வீட்டுக் காவலைத் தானே உடைத்தவனுக்கு வீடும் மிஞ்சாது, தொழிலும் மிஞ்சாது, புகழ்ந்த வாயும் துணைக்கு வராது.