சுவரில் ஒட்டிய கடிதம்

ஆவணக் காப்பகத்தில் மெஹருன்னிசாதான் குரு. வயது முப்பத்தாறு. சீடர் திருமேனிக்கு அறுபத்தேழு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பழைய தாள்களைப் பிரித்துப் பதிவு செய்யக் கற்றுக்கொள்ள வந்திருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். உண்மை வேறு.

பத்திரிகைக் கட்டுரையாளர் வேலப்பனாரின் தாள்கள் பதினொரு பெட்டிகளில் வந்திருந்தன. அரசியலையும் தமிழையும் ஒரே பத்தியில் போட்டு வாராவாரம் வெளுத்து வாங்கிய மனிதர். இருபத்திரண்டு வயதில் திருமேனி அவருக்கு ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தார். பதில் வரவில்லை. அதை அவர் படித்தாரா, இல்லையா? அது தெரியாமல் கண்ணை மூடத் திருமேனிக்கு மனமில்லை.

மூன்று வாரம் தேடினார். கடிதப் பெட்டிகள் தீர்ந்துவிட்டன.

"குத்தம் கண்டுபிடிச்சவங்க கடிதாசியெல்லாம் தேதிவாரியா கட்டி வெச்சிருக்கார். பாராட்டினவங்களுது ஒண்ணுகூட இல்லையேம்மா. குப்பையில போட்டுட்டாரா?"

மெஹருன்னிசா கட்டுரைப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

'சுவர்' கட்டுரையின் கையெழுத்துப் பிரதி! திருமேனிக்கு உடம்பு சிலிர்த்தது. சுவர்களில் எழுதக் கூடாதென்று அரசாங்கம் தடை போட்ட வாரம் வந்த கட்டுரை. முப்பது வருஷம் வகுப்பில் ஒப்பித்ததை இப்போதும் தாளைப் பார்க்காமலே சொன்னார்.

"'சுவற்றில் ஒட்டினேன் என்கிறார் ஒரு நண்பர். கிணறு இருந்தால் கிணற்றில். சுவறு எங்கே இருக்கிறது? நம்மிடம் இருந்தது சுவர். இன்று அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.'"

சொல்லிவிட்டுச் சிரித்தார். "அந்த நண்பர் எவனோ ஒரு அரைகுறை. வருஷா வருஷம் அவனை வெச்சுத்தான் பசங்களைச் சிரிக்க வைப்பேன்."

"தாளைத் திருப்புங்க, ஐயா."

திருப்பினார். நீல மையில் ஒரு கடிதம். 'தங்கள் கட்டுரைகளை வெட்டி என் அறையின் சுவற்றில் ஒட்டி வைத்திருக்கிறேன்.' சுவற்றில் என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு. கடிதத்தின் முடிவில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

திருமேனி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"மூணு வாரமா உங்க கையெழுத்தைப் பார்க்கிறேனே. அந்த 'ழ' இன்னும் மாறலை."

"பேரை எதுக்கு மறைச்சார்?"

"அச்சகத்துக்குப் போற தாள். அச்சுக்கோக்கிறவர் கண்ணுலகூடப் படக் கூடாதுன்னு ஒட்டியிருக்கார்."

நாற்பத்தைந்து வருஷம் அந்த மனிதர் காப்பாற்றிய பெயர். அந்த மறைவுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, அந்த 'அரைகுறை' தான்தான் என்று தெரியாமல் சிரித்திருக்கிறோம் என்பது உறைத்தபோது திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தைவிட வியப்புதான் அதிகம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவு அட்டையை இழுத்தார்.

"இதைக் கடிதம்னு பதியறதா, கட்டுரைன்னு பதியறதா? எதும்மா முன்பக்கம்?"

மெஹருன்னிசா பென்சிலை அவர் கையில் கொடுத்தார்.

"'எழுதியவர்'ங்கிற இடத்துல ரெண்டு பேர் எழுத ரெண்டு கோடு போட்டிருக்கு, ஐயா."