புகை நின்ற மலை

கீழைக் கடலில் ஒரு தீவு. அதில் இரண்டு எரிமலைகள் இருந்தன. ஒன்று கவிழ்த்த கேடயம்போல அகன்று தாழ்ந்தது. அதன் அடிவாரத்தில் மாசாத்தி என்ற துறவி குடில் போட்டிருந்தார். இன்னொன்று செங்குத்தாக உயர்ந்தது. கூர்மலை என்பார்கள்.

மாசாத்தியிடம் பாடம் கேட்க வந்த சேந்தன் அவரைவிட இருபது வயது மூத்தவர். ஆயுளில் பாதியைக் கப்பலில் கழித்தவர். ஒரு நாள் காலை அவர் கூர்மலை அடிவாரத்து ஊருக்குப் போய்விட்டு உற்சாகமாகத் திரும்பினார்.

"அம்மா, கூர்மலை புகைவதை நிறுத்திவிட்டது. ஊரே கொண்டாடுகிறது. நம் மலையோ அடிக்கடி நெருப்பை ஒழுகவிடுகிறது. நாமும் அங்கே போய்விடலாமே?"

அடுப்பில் ஒரு பானையில் கஞ்சியும் இன்னொன்றில் களியும் வெந்துகொண்டிருந்தன.

"முதலில் இதைக் கிண்டுங்கள்" என்று மாசாத்தி துடுப்பைக் கொடுத்தார்.

கஞ்சி பொங்கி விளிம்பில் வழிந்தது. சேந்தன் அதைக் கவனித்துக்கொண்டிருந்தபோது களியில் ஒரு குமிழ் உப்பி வெடித்தது. கையில் தெறித்தது. அவர் துடித்துப்போனார்.

"கஞ்சி சுடவில்லையா?"

"வழிந்தது, தள்ளி நின்றுகொண்டேன். களி இறுகிக் கிடந்தது, எதிர்பார்க்கவில்லை."

"நம் மலைக்குள் இருக்கும் பாறைக் குழம்பு நீர்த்தது. காற்று எளிதில் வெளியேறிவிடும். குழம்பு ஓடிப் படிந்து படிந்து மலை அகன்றது. கூர்மலையின் குழம்பு கெட்டி. ஒரு முறை சாம்பல், ஒரு முறை குழம்பு என்று அடுக்கடுக்காக உயர்ந்தது. அது தன் வாயைத் தானே அடைத்துக்கொள்ளும்."

சேந்தனுக்கு ஒரு சந்தேகம். "பூசணி வயலில் ஒரு குன்று இருக்கிறதே. நிலம் பிளந்து கங்குகளைக் கக்கி, அவையே நெற்குவியல்போலச் சேர்ந்து எழும்பியது. அதுவும்தான் சும்மா கிடக்கிறது. ஆடு மேய்கிறது."

"அது உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது." மாசாத்தி பானையை இறக்கினார். "கூர்மலையில் ஊற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது?"

"எப்போதும் சில்லென்று இருக்கும், இந்த முறை வெதுவெதுப்பாக. குளிக்கச் சுகமாக இருந்தது."

"இப்போதே போங்கள். எல்லோரையும் வெளியேறச் சொல்லுங்கள்."

சேந்தன் தயங்கினார். "என் மகள் நங்கை அங்கேதான் இருக்கிறாள். நான் சொன்னால் கேட்பாளா தெரியவில்லை."

"சண்டையா?"

"இல்லை அம்மா. முன்பெல்லாம் சண்டை போடுவாள். இப்போது எதுவும் சொல்வதில்லை. கோபம் ஆறிவிட்டது."

மாசாத்தி அவர் முகத்தைப் பார்த்தார். "புறப்படுங்கள்" என்றார்.

ஊரில் யாரும் நம்பவில்லை. "புகைந்தபோது வராத பயம், புகை நின்றதும் வருகிறதா?" என்று ஊர்த்தலைவர் சிரித்தார்.

நங்கை அப்பாவுக்கு மணை போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

"மலை வெடிக்கப்போகிறது. கிளம்பு தாயி."

முறம் நிற்கவில்லை.

"நீ வராமல் நான் போகமாட்டேன்."

முறம் கீழே விழுந்தது.

"அம்மா கிடையாய்க் கிடந்தாளே, அப்போது இந்த வார்த்தை எங்கே போயிருந்தது? துறைக்கு ஆள் அனுப்பினோம். சரக்கு ஏற்றுகிறேன், பிறகு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினீர்களே!"

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். நங்கை நிறுத்தவில்லை. தாயின் கடைசி நாட்களை ஒன்றுவிடாமல் சொன்னாள். முன்பெல்லாம் பாதியிலேயே அதட்டிவிட்டு எழுந்து போய்விடும் சேந்தன் இப்போது தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். போகவும் இல்லை.

குரல் கம்மியபிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திட்டினால் எழுந்து போகிற மனிதர், இன்றைக்குப் போகவில்லை. ஏதோ இருக்கிறது" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கணவன் மூட்டையோடு பின்னால் போனான். அதைப் பார்த்து ஒவ்வொரு வீடாகக் கிளம்பியது. ஊர்த்தலைவரும் சிலரும் மட்டும் தங்கிவிட்டார்கள்.

மறுநாள் கூர்மலையின் உச்சி பிய்த்துக்கொண்டு போனது. கொதிக்கும் சாம்பல் மேகம் சரிவில் உருண்டு வந்து ஊரை மூடியது. தங்கியவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

தப்பியவர்கள் கடற்கரையில் கூரை போட்டுக்கொண்டார்கள். சாம்பல் மழை ஓய்ந்ததும் சேந்தன் குடிலுக்கு வந்தார். மாசாத்தி முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"மகள் எப்படி இருக்கிறாள்?"

"பிழைத்துவிட்டாள் அம்மா. ஆனால் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். இன்றைக்கும் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். இன்னும் தீரவில்லை. கொஞ்சம் அமைதியாக இருக்கலாம் என்றுதான் இங்கே வந்தேன்."

மாசாத்தி கூட்டுவதை நிறுத்தினார்.

"அவள் பேசிக்கொண்டிருக்கும்போது எதற்கு எழுந்து வந்தீர்கள்?"