திறந்து திறந்து பார்த்தவர்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் ஓர் ஆளும் ஒரு ஃப்ரிட்ஜும் இருந்தார்கள். ஆளின் பெயர் வைகுண்டம். மனைவி போன பிறகு தனிக்கட்டை. ஃப்ரிட்ஜோ பெரிய குடும்பத்துக்கென்று வாங்கியது. முக்கால்வாசி நாள் காலியாகத்தான் கிடக்கும்.

அந்த வாரம் மட்டும் நிறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் முத்தரசி சென்னையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பிடித்த அரைக்கீரையும் புடலங்காயும் வியாழக்கிழமையே வந்துவிட்டன. வைகுண்டம் கீரையைக் கழுவாமல், வேரை நறுக்கி, ஈரமில்லாத தாளில் சுற்றிக் கீழ்த் தட்டில் வைத்தார். பாலைக் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தார். அதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

வைத்த கைதான் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் வந்து கதவைத் திறப்பார். தாளைப் பிரித்துக் கீரையைத் தொட்டுப் பார்ப்பார். பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பார். ஒன்றையும் எடுக்க மாட்டார். கதவைப் பிடித்தபடி அப்படியே நிற்பார்.

"இந்த மனுஷர் நம்மைக் காக்கிறாரா, கொல்கிறாரா?" என்றது கீரை. "திறக்கும்போதெல்லாம் அனல் அடிக்கிறது. இப்படியே போனால் ஞாயிற்றுக்கிழமை நான் மாட்டுக்குத்தான்."

"எனக்கும் வயிற்றைப் புரட்டுகிறது" என்றது பால். "அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் காப்பி ஆகாமல் திரிந்து போனால் நான் வந்ததே வீண்."

புடலங்காய் ஃப்ரிட்ஜிடம் சண்டைக்குப் போனது. "உனக்கு ரப்பர் எதற்கு? கதவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளேன்."

"பிடிக்கலாம்" என்றது ஃப்ரிட்ஜ். "மனசு வரவில்லை. இந்த வீட்டில் அவர் தொட்டால் திறக்கிறவன் நான் ஒருவன்தான். பாவம், வேறு எங்கே போவார்?"

"அதற்காக நாங்கள் வாட வேண்டுமா?" கீரை விடவில்லை. "மூடி வைத்தால் போதும். பாசத்தையெல்லாம் மகள் வந்த பிறகு காட்டட்டும்."

சனிக்கிழமை சாயங்காலம் அவர் கதவைத் திறந்து நிற்கும்போதே போன் அடித்தது. ஸ்பீக்கரில் முத்தரசியின் குரல் வந்தது.

"எப்பா, நாளைக்கு வர முடியாதுப்பா. லீவு தர மாட்டேங்காவ."

"அதுக்கென்னம்மா. நீ வேலையப் பாரு."

"சாப்ட்டியளா?"

"ஆச்சு. வீடு நெறயக் காய் கெடக்கு, எனக்கென்ன."

"அடுத்த மாசம் கண்டிப்பா வாரேன்."

"ஆவட்டும்மா."

போனைச் சட்டைப்பையில் போட்டார். கீரை சுற்றியிருந்த தாளைத் தொடாமலே கதவைச் சாத்தினார்.

அதன்பின் கதவு திறக்கவில்லை. ஞாயிறு மதியம் யாரோ கடைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. உள்ளே குளிர் நன்றாக இறங்கிவிட்டது. பால் திரியவில்லை. புடலங்காயின் தோல் சுருங்கவில்லை. கீரை, பறித்த அன்று இருந்ததுபோல விறைப்பாக நின்றது. கேட்ட குளிர் கேட்டபடியே கிடைத்துவிட்டது. ஆனாலும் எல்லாருடைய காதும் கதவுப் பக்கமே இருந்தது.

மறுநாள் கீரைதான் முதலில் வாய் திறந்தது.

"அவர் ஒரு தரம் திறந்து பார்த்தால் தேவலை" என்றது. "நான் வாடினால் வாடிவிட்டுப் போகிறேன்."