கதவு வைத்த மேசை

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். நான்கு கால்கள் மரத்தால் ஆனவை. மற்ற கால்களெல்லாம் எலும்பும் சதையும். முதுகில் ஒரு கதவு. மணல்மேட்டில் ஏறும்போது வயிற்றுக்குள்ளிருந்து சண்டைச் சத்தம் கேட்கும். அது என்ன?

யானை இல்லை. தேரும் இல்லை. அது நண்டுக்குடி என்கிற ஊர்.

நண்டுக்குடி கடலோரத்தில் இருந்தது. ஊருக்குப் பின்னால் தேரி என்று சொல்லப்படும் உயரமான செம்மணல் மேடு. ஊர்த்தலைவர் கொண்டல்சாமி. எல்லா முடிவுகளையும் அவர் எடுப்பார். முடிவு தவறாகப் போனால் பலவேசம்தான் காரணம். பலவேசம் எதுவும் செய்தவனில்லை. கூட்டத்தில் எப்போதும் முன்வரிசையில் உட்காருவான், அவ்வளவுதான்.

ஒருநாள் பேரிடர்த் துறையிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்து ஊரைக் கூட்டிப் பேசினார்.

"நாம் நிற்கும் தரை ஒரே துண்டு இல்லை. பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நம் நகம் வளருகிற வேகத்தில் அவை நகர்கின்றன. ஒன்றோடொன்று உரசிச் சிக்கிக்கொள்ளும். சிக்கல் திடீரென்று விடுபட்டால் தரை குலுங்கும். அது கடலுக்கடியில் நடந்தால் பேரலை எழலாம். தரை குலுங்கினால் மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நிற்கும்வரை வெளியே வராதீர்கள். நின்றதும், கடல் உள்வாங்கியிருந்தால் வேடிக்கை பார்க்காமல் தேரிமேல் ஏறிவிடுங்கள்."

அதிகாரியம்மா போனதும் கொண்டல்சாமி தொண்டையைச் செருமினார்.

"ஆக, எல்லாத்துக்கும் காரணம் நகம்தான்."

"எப்படி அண்ணாச்சி?" என்றான் பலவேசம்.

"நகம் வளருற வேகத்துல தட்டு நகருதுன்னு அந்தம்மா சொன்னாங்களா, இல்லையா? நகமே வளரலைன்னா?"

கூட்டம் யோசித்தது. "தட்டு நகராது!"

"அவ்வளவுதான்வே. பூமியை நிறுத்த ஒரு நகவெட்டி போதும். இவ்வளவு படிச்ச அம்மாவுக்கு இது தோணலை பாருங்க."

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் ஊரே உட்கார்ந்து நகம் வெட்டியது. வெட்ட நகம் இல்லாதவர்கள் விரலை வெட்டிக்கொண்டார்கள். கொண்டல்சாமியின் இடதுகைச் சுண்டுவிரல் மட்டும் விதிவிலக்கு. காது குடைவதற்காக அவர் அந்த நகத்தை ஆசையாக வளர்த்து வந்தார். "ஒத்த நகத்துல எவ்வளவு பூமி நகர்ந்துரப் போகுது?" என்றார்.

அடுத்தது மேசை. நண்டுக்குடியில் மேசையே கிடையாது. ஊர் முழுவதும் ஒரே மேசைக்கு அடியில் இருந்தால்தான் ஒற்றுமை என்று முடிவாயிற்று. பலகைக்காக எல்லா வீட்டுக் கதவுகளையும் கழற்றினார்கள். குனிந்தால் இடுப்பு வலிக்கும் என்று பெரியவர்கள் முறையிட்டதால் கால்களை ஆள் உயரத்துக்கு வைத்தார்கள்.

"கதவில்லாத வீட்டுல எப்படி இருக்கிறது?" என்றாள் மீன் விற்கும் பேச்சியம்மை.

"வீட்டுல இருந்தாத்தானே? ஆபத்து வந்தா மேசைக்கு அடியிலல்லவா இருப்போம்?" என்றார் கொண்டல்சாமி.

"எல்லாம் சரி. மேசைக்குள்ள எப்படிப் போறது?"

இது நல்ல கேள்வி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மேசையின் நான்கு பக்கமும் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் பேச்சியம்மை வீட்டுக் கதவை மட்டும் கீலோடும் தாழ்ப்பாளோடும் மேசையின் நடுவில் பொருத்தினார்கள். ஏணி வைத்து மேசைமேல் ஏறி, கதவைத் திறந்து, உள்ளே குதிக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நகம் வெட்டி முடித்த கையோடு, தரை குலுங்கியது. ஓடுகள் உதிர்ந்தன. மக்கள் ஏணியடியில் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

"ஏலே பலவேசம், பெரியவங்களை முந்தாதே!"

கடைசி ஆள் உள்ளே குதித்தபோது பூமி எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஆனால் மேசை ஆடியது. நான்கு கால்களையும் ஊரே பயத்தில் நடுங்கியபடி பிடித்துக்கொண்டிருந்தால் ஆடாமல் என்ன செய்யும்?

"இன்னும் ஆடுது. யாரும் அசையாதீங்க" என்றார் கொண்டல்சாமி.

அவர் தோளில் ஆறு வயதுப் பேத்தி தங்கப்புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை மட்டும் கதவு வழியாக வெளியே தெரிந்தது.

"தாத்தா, கடலைக் காணோம்."

"நல்லாப் பாரு. அங்கதான் இருக்கும்."

"படகெல்லாம் சேத்துல கெடக்கு. மீனு துள்ளுது. தேரிக்கு ஓடணும் தாத்தா!"

ஊர் மேசைக்கடியிலேயே கூடி விவாதித்தது. ஓடச் சொன்னது உண்மை. ஆட்டம் நிற்கும்வரை வெளியே வரக்கூடாது என்றதும் உண்மை.

"கையை எடுங்க. ஆட்டம் நின்னுரும்" என்றாள் தங்கப்புஷ்பம்.

"கையை எடுத்தா மேசைக்காலை யாரு பிடிக்கிறது? சின்னப்பிள்ளை, விவரம் பத்தலை."

தொலைவில் கடல் வெள்ளைக் கோடாக எழுந்து நின்றது. தங்கப்புஷ்பம் தாத்தாவின் முடியைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்போ மேசையோட போங்க!"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பலவேசம், இதை நீ முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் கொண்டல்சாமி.

மேசை எழுந்தது. தேரியில் ஏறியது. உள்ளே யார் யார் காலை மிதித்தது என்று சண்டை நடந்தது. அவர்கள் உச்சிக்கு வந்ததும் அலை ஊருக்குள் வந்தது. கதவில்லாத வீடுகளில் முன்பக்கமாக நுழைந்து, பானைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போயிற்று. ஆட்கள் ஒருவரும் அதற்குக் கிடைக்கவில்லை.

மேசையைச் சுமந்தபடியே விசாரணை தொடங்கியது. "எவனோ நகம் வெட்டலை. ஆளுக்கொரு கையை நீட்டுங்க!" என்று கொண்டல்சாமி தம் கையையும் நீட்டினார். இடது கை.

சுண்டுவிரல் நகத்தை எல்லாரும் பார்த்தார்கள்.

"பலவேசம், தலைவருக்கு நீ ஏன் ஞாபகப்படுத்தலை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அதுதான் நியாயம் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. பலவேசம் மன்னிப்புக் கேட்டான்.

மதியம் அதிகாரியம்மா ஜீப்பில் வந்தார். "அலை ஓய்ந்துவிட்டது. வெளியே வாருங்கள்."

"எப்படிம்மா வர்றது? ஆட்டம் நிக்கலையே" என்றது மேசை. பாரத்தில் எல்லார் கையும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"கீழே இறக்கி வையுங்கள். நின்றுவிடும். பக்கத்தில் திறந்துதானே இருக்கிறது, அப்படியே நடந்து வாருங்கள்."

"கதவு இருக்கும்போது பக்கத்து வழியா வர நாங்க என்ன திருடங்களா?"

அதிகாரியம்மா நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு கதவில் தெரிந்த சின்னத் தலையிடம் கேட்டார்.

"பாப்பா, நீ என்னோடு வருகிறாயா, இவர்களோடு இருக்கிறாயா?"

தங்கப்புஷ்பம் மேசைமேல் ஏறினாள். கதவைச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஜீப்பில் போய் உட்கார்ந்தாள்.