இலைக்குத் தெரியாத கணக்கு

ஒரு காட்டில் கோடையிலும் வற்றாத குளம் ஒன்றே ஒன்று இருந்தது. அதன்மேல் ஓர் அரசமரம் சாய்ந்து நின்றது. மரத்தடி நீரில், மூக்கு மட்டும் வெளியே தெரிய, ஒரு முதலை கிடந்தது. நீர் குடிக்கப் போகிறவர்களில் சிலர் திரும்புவதில்லை. சத்தம்கூடக் கேட்காது.

தள்ளி நின்ற புளியமரத்தில் ஓர் அணில் கணக்கு வைத்தது. ஒருவர் குடித்துவிட்டுத் திரும்பினால் பொந்தில் ஒரு விதை போடும். ஒருவர் திரும்பாவிட்டால், இருக்கும் விதைகளை எண்ணிவிட்டுக் கீழே கொட்டிவிடும். திரும்பாதவருக்கு விதை கிடையாது.

இரண்டு நாளாகத் தொண்டை வறண்டு தவித்த நரி அங்கே வந்தது.

“இதுவரைக்கும் எண்ணினது எத்தனை?”

“நாலு, பத்து, ஒண்ணு, அஞ்சு. சராசரி அஞ்சு, நரியண்ணே. இப்போ பொந்துலயும் அஞ்சுதான் இருக்கு.”

அப்படியானால் ஆறாவது ஆள் காலி என்று நரி முடிவு கட்டியது. அந்த நேரம் பால் வற்றிப்போன தாய்மான் ஒன்று தயங்கித் தயங்கி வந்தது.

“போம்மா, குட்டி பசியோட இருக்குமே. ஒண்ணும் ஆகாது” என்று குழைந்தது அந்தப் பாவி நரி.

மான் போனது. வயிறாரக் குடித்தது. திரும்பியும் வந்துவிட்டது. அணில் ஆறாவது விதையைப் போட்டது.

அடுத்து ஒரு காட்டுப்பன்றி போனது. நேரம் ஆனது. பன்றி வரவில்லை. அணில் ஆறு விதைகளையும் எண்ணிக் கீழே கொட்டியது.

“இனிமே அஞ்சு பேருக்குப் பயமில்லை!” என்றது நரி.

“நான் அப்படிச் சொல்லலியே” என்றது அணில். நரி அதற்குள் ஓடிவிட்டது.

குளம் அசையவேயில்லை. நரி சேற்றில் கால் பதித்து நீரில் வாய் வைத்தது.

“யாரது?” என்று மிக அருகில் ஒரு குரல் கேட்டது.

நரி பதறிக் கேட்டது: “இப்பத்தானே பன்றியைப் பிடிச்சே? கணக்குப்படி இன்னும் அஞ்சு பேர் தப்பணும்.”

“எனக்கு என்ன கணக்கு? யாராவது குடிக்கும்போது என் மூக்குல இலை விழுந்தா வாயைத் திறப்பேன். விழலேன்னா தூங்குவேன்.”

நரி அண்ணாந்து பார்த்தது. காற்றே இல்லை. ஆனாலும் ஓர் இலை மெல்லச் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது.

அணில் வெகுநேரம் காத்திருந்தது. பிறகு வெறும் பொந்தை எட்டிப் பார்த்து, “பூஜ்யம்” என்றது.

ஆபத்துக்கு ஞாபகம் கிடையாது. இப்போதுதானே வந்துபோனது என்று நம்பி இறங்குகிறவர் ஏமாந்துபோவார்.