தெற்கே நின்ற பள்ளிக்கூடம்

வடக்கு டகோட்டாவில் ரோவன் என்று ஒரு சிற்றூர். அந்த வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஓரின் ஹால்வர்சன் கட்டிய ஏதாவது ஒன்று நிற்கும். நூலகம், நீதிமன்றம், தீயணைப்பு நிலையம். சிகாகோவில் பெரிய கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தவர், இளவயதிலேயே அதை விட்டுவிட்டுத் தன் மண்ணுக்குத் திரும்பினார். திரும்பி வந்து முதலில் கட்டியது ரோவன் பள்ளிக்கூடம். மூன்று மாடி, சிவப்புச் செங்கல், வாசலில் அகலமான வளைவு.

அவரிடம் தொழில் கற்றவள் மார்த்தா கெஸ்லர். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. அவள் தனியாகக் கட்டியவையும் பல ஊர்களில் இருந்தன.

ரோவனில் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். பெரிய பள்ளிக்கூடம் கட்டும் பொறுப்பை நிர்வாகக் குழு மார்த்தாவிடம் கொடுத்தது. பழையதை வைத்துக்கொள்வதா, இடிப்பதா என்பதையும் அவளே சொல்லட்டும் என்றது.

மார்த்தா பழையதைத் தொடவில்லை. அதன் முதுகுப்புறம், வடக்கே, புது வகுப்பறைகளை வரைந்து ஹால்வர்சனிடம் கொண்டுவந்தாள்.

ஹால்வர்சன் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“வா, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்.”

ஜனவரி மாதம். நண்பகலிலும் சூரியன் தெற்கே தாழ்ந்தே நின்றது; அந்த வெயிலில் பனி கண்ணைக் கூச வைத்தது. பள்ளிக்கூடத்தின் பின்புறம் போய், சுவரின் நிழலுக்குள் அவளை நிறுத்தினார். தானும் நின்றார். 

குளிர் எலும்புக்குள் இறங்கியது. மார்த்தா கால் மாற்றி மாற்றி நின்றாள்.

“இன்னும் எவ்வளவு நேரம் இங்கே நிற்க வேண்டும்?”

“உன் வரைபடத்தில் இது எந்த இடம்?”

அவள் சுற்றிப் பார்த்தாள். “முதல் வகுப்பு.”

“அப்படியானால், வசந்தம் வரும்வரை.”

மார்த்தா தலை குனிந்தாள். “இது உங்கள் முதல் கட்டடம். இதை நான் எப்படி இடிக்கச் சொல்வேன்?”

“யார் கட்டியது என்று தெரியாமலிருந்தால் என்ன வரைந்திருப்பாய்?”

“பழையதை எடுத்துவிட்டு, தெற்குப் பக்கத்தை வெயிலுக்குத் திறந்து விட்டிருப்பேன்.”

“அதை வரை.”

புது வரைபடத்தைக் கண்டதும் ஊர் கொதித்தது. கூட்டத்தில் ராய் டேனர் எழுந்தார். இரும்புக்கடைக்காரர், அந்தப் பள்ளியில் படித்தவர்.

“கற்றுக்கொடுத்தவர் கட்டியதையே இடிக்கப் பார்க்கிறாயே மார்த்தா, உனக்கு வெட்கமாக இல்லை?”

எல்லோரும் ஹால்வர்சனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ மார்த்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்த்தா எழுந்தாள்.

“பழையது நின்றால் சின்னப் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க நிழலில் உட்கார வேண்டியிருக்கும். அப்படி ஒரு பள்ளிக்கூடம் நான் கட்ட மாட்டேன். வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள்.”

வாக்கெடுப்பில் அவள் பக்கம் ஜெயித்தது.

புதுக் கட்டடம் எழும்பியது. பிள்ளைகள் அதற்கு மாறிய பிறகு பழையதை இடிக்கத் தொடங்கினார்கள். இருவரும் சாலையோரம் நின்று பார்த்தார்கள். கடைசியில் வாசல் வளைவு சரிந்தது. செங்கல் தூசி எழுந்து மெல்ல அடங்கியது. மார்த்தாவால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உங்களுக்கு மனசு வலிக்கவில்லையா?”

ஹால்வர்சன் தொப்பியில் படிந்த தூசியைத் தட்டினார்.

“அதில் படிக்க வேண்டியவர்கள் எல்லோரும் படித்து முடித்துவிட்டார்கள், மார்த்தா.”